செஞ்சிக் கோட்டை யாருடையது?

(விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சிக் கோட்டையைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் என்ற வரிசையில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. நமக்குச் சந்தோஷமே. ஆனால், "கோட்டை யாருடையது? எந்த ராஜாவுடையது? எந்த ஜாதியுடையது?" என்ற வாதமும் கூடவே கிளம்புகிறது.

சரித்திரத்தையே கேட்போம். 1200 வாக்கில் ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினான் என்பது வழக்கு. பிறகு நாயக்கர்கள் ஆண்டார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் இங்கிலீஷ் கும்பினி. மராட்டியர் கையில் இருந்தது சுமார் 21 வருஷம். கொடிகள் இத்தனை மாறின. மலைமேல் கல் சுமந்தவனும், கோட்டைக் களஞ்சியத்துக்கு நெல் அளந்தவனும் எல்லாக் கொடியின் கீழும் அதே குடியானவன்தான்.

இனி தேசிங்கு ராஜன் கதைக்கு வருவோம். நமது கூத்து மேடைகள் அறிந்த கதை அது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவாகவும் வந்தது. நடந்தது என்ன? தேசிங்கு என்ற தேஜ்சிங் வடக்கேயிருந்து வந்த புந்தேல ராஜபுத்திரன். அவன் தகப்பன் சரூப்சிங்குக்குச் செஞ்சியைக் கொடுத்தது மொகலாயர் ஆட்சி. தகப்பன் 1714இல் இறந்தான். வரிப் பாக்கியைக் கட்டு என்றான் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். தேசிங்கு மறுத்தான். சில நூறு வீரர்களோடு பெரும்படையை எதிர்த்து, அந்த வருஷமே போர்க்களத்தில் மாண்டான். அப்போது வயது 22 என்பார்கள்.

இதை இந்து - முஸ்லிம் யுத்தம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு அந்தக் கதைப்பாட்டே பதில் சொல்கிறது. தேசிங்கின் உயிர்த்தோழன் முஸ்லிம். கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு நின்று உயிர் விட்டவன். நவாபுக்கு வரி வசூலித்தவர்களிலும் படை நடத்தியவர்களிலும் இந்துக்கள் இருந்தார்கள். சண்டை மதத்துக்காக நடக்கவில்லை. நிலவரி யார் பெட்டிக்குப் போவது என்பதே வழக்கு.

பாட்டு சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்கவும் கூடாது. ராணி உடன்கட்டை ஏறியதை அது போற்றுகிறது. நாம் போற்ற முடியாது. ஒரு பெண்ணை நெருப்பில் தள்ளிய வழக்கம் அது. பாக்கி விழுந்த வரி யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்பதைப் பாட்டு கேட்கவேயில்லை. நாம் கேட்க வேண்டும். 1801இல் கர்நாடகச் சீமை முழுவதும் கும்பினியிடம் போயிற்று. வசூலித்த கை மாறியது, வரி நிற்கவில்லை.

தோழர்களே, பழங்கதையை ஏன் கிளறுகிறோம்? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த ஜாதிக் கலவரத்தில் 12 தாழ்த்தப்பட்ட மக்கள் கொல்லப்பட்டார்கள். அதுவும் நம் ஜில்லாவின் சரித்திரம். அதற்குக் கோட்டையில்லை, கதைப்பாட்டில்லை. "என் பாட்டன் ராஜா" என்று ஒவ்வொரு ஜாதிக்கும் சொல்லிக் கொடுப்பவர்கள் அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி வாய் திறப்பதில்லை. மணிலாவுக்கு விலை கேட்டு மார்க்கெட்டில் ஒன்றாக நிற்கிற விவசாயிகள், ஊர் திரும்பியதும் இரண்டு தெருவாகப் பிரிந்துவிட்டால் லாபம் யாருக்கு?

ஆகவே வேலைக்கு வருவோம். இந்தக் கோடையில் நம் கிராமங்களில் தேசிங்கு கூத்து வையுங்கள். ஊர்த்தெருவில் வைத்தால் காலனிக்காரர் ஓரத்தில் நிற்க நேரும்; ஆகவே இருவருக்கும் பொதுவான திடலில் வையுங்கள். எல்லோரும் ஒரே பாயில் உட்காரட்டும். முஸ்லிம் குடும்பங்களை முன்கூட்டியே போய் அழையுங்கள். கூத்து தொடங்குமுன் கால்மணி நேரம் பேசுங்கள்: வரி கட்டியவன் யார், தோழனுக்காக மாண்டவன் யார், 1978இல் செத்தவர்கள் யார் என்று. சில ஊர்களில் திடல் தர மறுப்பார்கள். அங்கே கூத்துக்கு முன்னால் திடலுக்காகப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள்.