சுவருக்கு அந்தப்புறம் இருந்தவர்கள்



‘விசுவாசத்தில் உறுதிப்பாடும் நிலைத்திருத்தலும்’ என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பேச வந்தால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. பூசைக்குப் போகிறேன், செபமாலை சொல்கிறேன், ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா? வயதானவர்களும் கேட்கிறார்கள், இருபது வயதுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கல்கத்தா அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது, அவரே பல பத்தாண்டுகள் இந்த வறட்சியில் கிடந்தார் என்று தெரிந்து உலகம் திகைத்தது.

இந்தக் கேள்விக்குச் சீர்திருத்த சபைச் சகோதரர்கள் ‘இரட்சிப்பின் நிச்சயம்’ என்று ஆணித்தரமாகச் சொல்வார்கள். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையோ 1547 ஜனவரியில், திரெந்து பொதுச்சங்கத்தில், வேறு மாதிரிப் பேசியது. கடைசிவரை நிலைத்திருப்பது பெரிய கொடை. கடவுளே தனிப்பட வெளிப்படுத்தினாலன்றி, அது தன் கையில் இருப்பதாக எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் கடவுளின் துணையில் உறுதியான நம்பிக்கை வைக்க வேண்டும் என்றது. நம் பாட்டிமார் சூசையப்பரிடம் தினமும் நன்மரணம் கேட்டதன் பொருள் இதுதான். அவர்கள் சந்தேகத்தால் கேட்கவில்லை. கொடுப்பவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் கேட்டார்கள்.

இந்தத் தைரியம் எப்படி இருக்கும் என்று காட்ட நான் வெகுதூரம் போகப் போவதில்லை. நம் புதுச்சேரியின் மிசியோன் வீதிக்கு வாருங்கள். நாம் சம்பா கோயில் என்று அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தின் கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். சேசு சபையார் 1692-இல் ஒரு கோயில் கட்டினார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் இடித்தார்கள். அவசரமாக எழுப்பிய இரண்டாவதும் நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை பெரிதாக ஒன்று எழும்பியது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அதுவும் போயிற்று. இன்று நாம் காணும் கோயில் 1791-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. முப்பது ஆண்டு இடைவெளி! 1761-இல் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் புதுக் கோயிலுக்குள் நுழைந்திருக்க முடியும்.

இந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் 1761-இல் இடிந்த அந்தக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது என்பதை விழா மலர்களில் எழுதுவதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர், வைணவர். 1745 அக்டோபர் நாட்குறிப்பில் விவரம் இருக்கிறது. பறையர் கிறிஸ்தவர்கள் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம், நடுவே சுவர். காரைக்காலிலிருந்து வந்த குரு அதைக் கண்டு குறை சொல்ல, சுவருக்கு அந்தப்புறம் இருந்தவர்கள் கூட்டமாகப் பெரிய குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே என்பது அவர்கள் வாதம். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் குருவோடு சண்டைக்குப் போனார்கள்.

அந்த மக்களைப் பற்றித்தான் நான் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுவர் இருந்த ஞாயிறுகளிலும் அவர்கள் பூசைக்கு வந்தார்கள். பீடம் சரியாகத் தெரிந்ததோ இல்லையோ, வந்தார்கள். கோயிலே அவர்களைத் தள்ளி வைத்தது. தள்ளி வைத்த கையை ஆண்டவரின் கை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உறுதிப்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு எந்த இறையியல் நூலிலும் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நிலைத்திருந்தவர்கள் பேசாமல் இருக்கவில்லை, கேட்டார்கள். பொறுமையையும் வாய்மூடி இருப்பதையும் ஒன்றாக்கிப் போதித்த நம் மறையுரைகளை இந்தச் சம்பவம் திருத்துகிறது.

இப்படி நிலைத்திருந்தவர் ஒருவரைக் குருக்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டும். கேர்தூ என்ற சேசு சபைக் குரு 1732-இல் இந்தியா வந்தவர். வடமொழிக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று பாரிசுக்கு எழுதிய அறிஞர். அவருக்கு எண்பது வயது கடந்த பிறகு, 1773-இல், பாப்பரசரே சேசு சபையைக் கலைத்தார். 1776-இல் மிஷன் வேறு சபையின் பொறுப்புக்குப் போனது. கேர்தூ ஊரை விட்டுப் போகவில்லை. 1779-இல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

சுவருக்கு அந்தப்புறம் இருந்தவர்களின் வாரிசுகளுக்குப் பின்னாளில் இன்னொரு சோதனை வந்தது. இந்தியாவில் 1950 ஆகஸ்ட் 10-இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. அதாவது, விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் ஒரு சொல்லை மாற்றினால் பிள்ளைக்குக் கல்லூரியிலும் வேலையிலும் பட்டியல் சாதி ஒதுக்கீடு உண்டு. தாசில்தார் அலுவலக வராந்தாவில் பிளாஸ்டிக் உறைக்குள் ஞானஸ்நானச் சான்றையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். எதை மேலே வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்று விரல்கள் தடுமாறும். சொல்லை மாற்றியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாற்றாமல் எழுந்து வந்தவர்களிடம் அருளுணர்வு பொங்கியதா என்று கேட்டால், பிழைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். ஞாயிறு காலை பூசையில் இருப்பார்கள்.

மனம் வறண்டு கிடக்கிறது என்று வருந்தும் நண்பர்களுக்கு நான் காட்ட விரும்புவது இவர்களைத்தான். உணர்ச்சி வரும், போகும். இவர்கள் அதை வைத்துத் தங்கள் விசுவாசத்தை அளந்ததே இல்லை.

சுவர் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சாதிவாரியாகத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. 2008-இல் நம் மறைமாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிச் சாதிக் கிறிஸ்தவர்களோடு மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததை இந்த அவை மறந்திருக்காது. இருபுறமும் செபமாலை அணிந்தவர்கள்.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு இதே தலைப்பை வையுங்கள். என்னைப் போன்ற பேராசிரியர்களை விட்டுவிட்டு, எறையூரிலிருந்தோ அந்த அலுவலக வராந்தாவிலிருந்தோ ஒருவரை இந்த மேடைக்கு அழையுங்கள். அவர் பேச்சையும் இதேபோல் புத்தகமாக அச்சிடுங்கள்.