தோட்டத்து நூக்கல்

ஐப்பசியில் நூக்கல் விதைத்தவர்கள் வீட்டுப் பாத்தியில் மார்கழிக்குக் காய் திரண்டிருக்கும். பலர் அதைக் கிழங்கு என்று நினைக்கிறார்கள். அது மண்ணுக்கு மேலே பருத்து நிற்கிற தண்டு, முட்டைக்கோசுக்கு உடன்பிறப்பு.

டென்னிஸ் பந்து அளவு வந்ததும் அறுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் நார் ஏறிவிடும். பிறகு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் சக்கைதான். அடிப்பக்கத் தோலைத் தடிமனாகவே சீவுங்கள். பிஞ்சாக இருந்தால் துருவி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பச்சையாகவே தின்னலாம். சாம்பார், கூட்டு, பட்டாணி போட்ட குருமா எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கடைக்கு வரும் நூக்கலில் பெரும்பாலும் இலை இருக்காது. வீட்டில் வளர்ப்பவருக்குத்தான் அந்த யோகம். காஷ்மீரில் இலையையும் காயையும் சேர்த்தே, கடுகெண்ணெயில் பெருங்காயமும் மிளகாயும் போட்டு, நீர்க்கச் சமைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். மோஞ்ச் ஹாக் என்று பெயர். கடுகெண்ணெய் வாடை பிடிக்காதவர்கள் இளம் இலைகளைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, பூண்டு தட்டிப்போட்டுக் கடைந்து பாருங்கள். இலை கொஞ்சம் முற்றியிருந்தால் நடுநரம்பைக் கிள்ளிவிடுங்கள்.