விக்கைப் பராமரிப்பது எப்படி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விக், சவுரி, டோப்பா என்று எந்தப் பெயரில் சொன்னாலும், இதைப் பற்றி நாம் நாலு பேர் நடுவில் பேசுவதில்லை. கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்கள், திட்டுத்திட்டாக முடி கொட்டுபவர்கள், வழுக்கையை மறைக்க விரும்புபவர்கள், பின்னலோடு சவுரி சேர்த்துக் கட்டும் பெரியவர்கள் என்று இதைப் பயன்படுத்துவோர் எந்த வீட்டிலும் இருக்கலாம். வெளியில் கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டில் இருக்கும் ஷாம்பூவையும் எண்ணெயையும் போட்டுப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஒரே அலசலில் பாழாகிவிடுகிறது.

அடிப்படையான ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். நம் தலைமுடிக்குத் தோலிலிருந்து எண்ணெய்ப் பசை வந்துகொண்டே இருக்கும். முடி கெட்டுப்போனாலும் புதிதாக வளரும். விக்கிற்கு இந்த இரண்டும் கிடையாது. எனவே தலைக்கு நல்லது என்று நாம் நம்பும் பல பொருட்கள் விக்கிற்கு ஒத்துவராது. முடி வளர்க்கும் தைலம், பொடுகு ஷாம்பூ எல்லாம் அதற்கு வீண் செலவு.

முதலில் உங்களிடம் இருப்பது மனித முடியா, செயற்கை இழையா என்று தெரிந்துகொள்ளுங்கள். சீப்பில் வந்த ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும்.

செயற்கை இழைக்கு முதல் எதிரி சூடு. அதை அணிந்துகொண்டு கேஸ் அடுப்பின் மேல் குனியாதீர்கள். குக்கர் ஆவி, ஓவன் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனல், இவை போதும். முன்பக்க இழைகள் சுருண்டுவிடும், பிறகு நேராகாது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சமைக்கும்போது கழற்றிவிட்டு ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். சாம்பிராணிப் புகை காட்டுவதும், ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு தாங்கும் இழை என்று லேபிளில் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். தலைச்சாயமும் செயற்கை இழையில் ஏறாது.

அலசுவதற்கு முன், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அரை வாளி குளிர்ந்த நீரில் ஒரு ஸ்பூன் மென்மையான ஷாம்பூவைக் கலந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கசக்கவோ பிழியவோ கூடாது. துண்டில் வைத்து ஒற்றி எடுத்து, ஸ்டாண்டில் அல்லது கவிழ்த்த பாத்திரத்தின் மேல் நிழலில் உலர்த்துங்கள். எட்டு, பத்து முறை அணிந்தபின் அலசினால் போதும். வியர்வை அதிகமான நாட்களில் முன்பே அலசலாம். சீயக்காய், அரப்புப் பொடி வேண்டாம். துகள்கள் வலையில் சிக்கிக்கொள்ளும்.

போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் முடி சொரசொரப்பாகிவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம், அது கூடாது.

மனித முடி விக்கிற்கு கண்டிஷனர் தேவை. ஆனால் நடுப்பகுதியிலிருந்து நுனி வரைதான் தடவ வேண்டும். முடிச்சுப் போட்டிருக்கும் வலையில் கண்டிஷனரோ எண்ணெயோ பட்டால் முடிச்சுகள் தளர்ந்து முடி உதிரும். சீரம் இரண்டு சொட்டு, நுனியில் மட்டும். பூச்சரத்தை வலையில் குத்தாமல் கொண்டையில் மட்டும் செருகுங்கள்.

உங்கள் தலைத் தோலையும் கவனியுங்கள். இரவில் கழற்றி வையுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அணியுங்கள், அதைத் தினமும் துவையுங்கள். பசை போட்டு ஒட்டுபவர்கள், புதுப் பசையை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, புண் இருந்தால் பசையை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கீமோ தொடங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கொட்டும் மருந்து என்றால் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கிவிடும். முடி இருக்கும்போதே விக் வாங்கினால் நிறமும் வகிடும் பொருந்தும். முடி கொட்டியபின் தலையளவு குறையும் என்பதால், இறுக்கித் தளர்த்தும் பட்டை உள்ளதாகப் பாருங்கள்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். லிஃப்டில் யாரையாவது பார்த்து, "முடி நல்லா இருக்கே, ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். சிகிச்சையில் இருப்பவர் மாலையில் கீழே இறங்கி நாலு அடி நடக்கத் துணிவது அந்த விக்கை நம்பித்தான். ஒரு கேள்வி அவரை மறுபடி வீட்டுக்குள் அடைத்துவிடும். "சாப்பிட்டாச்சா, நடக்கப் போகலாமா?" என்று கேளுங்கள், போதும்.