இத்தாலிய மோட்டார்க் கார்கள்: ஓட்டத்தின் இன்பமும் உபயோகத்தின் தேவையும்

மோட்டார்க் கார் வாங்க முற்படுபவனின் உள்ளத்தில் இருவர் குடியிருக்கின்றனர். ஒருவன், வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையை எண்ணி மகிழ்பவன். மற்றவன், மனைவி மக்களையும், அவர்தம் பெட்டி படுக்கைகளையும், மாத முடிவில் வரும் செலவுக் கணக்கையும் எண்ணிப் பெருமூச்செறிபவன். செல்வந்தனாயின் இருவருக்கும் ஆளுக்கொரு கார் வாங்கிக் கொடுத்துவிடலாம். நடுத்தரக் குடும்பத்தவனுக்கு அது இயலாது. ஒரே கார் இருவரையும் திருப்திப்படுத்த வேண்டும். இந்த வழக்கைப் பேரார்வத்தோடு எடுத்து விசாரித்தவர்கள் இத்தாலியப் பொறியியலாளர்கள். அவர்கள் வழங்கிய தீர்ப்புகள் சிலவற்றை ஒப்புநோக்கினால், எது நல்ல கார் என்ற கேள்விக்கும் விடை காணலாம்.

இத்தாலிய வேகக் கார் என்றதும் பெராரி, லம்போர்கினி முதலிய பெயர்களே பலருக்கு நினைவில் எழும். அவை செல்வர் சிலரின் விளையாட்டுப் பொருள்கள். இங்கு ஆராயப்படுவன, பள்ளிக்கும் சந்தைக்கும் காரியாலயத்துக்கும் சென்று, விடுமுறை நாளில் மலையேறவும் வேண்டிய கார்கள்.

இத்தகைய கார்கள் இத்தாலியில் தோன்றியமைக்குக் காரணங்கள் உண்டு. அந்நாட்டின் வடக்கே அல்ப்ஸ் மலை. நடுவே முதுகெலும்பு போல அப்பினைன் மலைத்தொடர். மிலான் நகரையும் நேப்பிள்ஸ் நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1964ஆம் ஆண்டிலேதான் முற்றுப்பெற்றது. நெடுஞ்சாலை வருமுன் பொலோனாவிலிருந்து புளோரன்ஸ் செல்பவன் பூட்டா கணவாயின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே ஆகவேண்டும். மேலும், காருக்குரிய வரி இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஆகவே, பெரிய இயந்திரம் வைத்து வேகம் தேடுவது கட்டுப்படியாகாது. சிறிய இயந்திரத்தைக் கொண்டே விரைவாகச் செல்லவேண்டுமாயின், வளைவிலே வேகத்தை இழக்காத கார் வேண்டும். வறுமை கற்பித்த பாடம் என்று இதனைக் கூறினும் பொருந்தும்.

காரின் வேகம் வேறு. அது ஓட்டுபவனின் கைக்கு அடங்கும் தன்மை வேறு. கார் வளைவில் திரும்பும்போது சடத்துவம் அதனை நேரே இழுக்கின்றது. ரயர்களின் பிடிப்பு உள்ளே இழுக்கின்றது. இந்தப் போட்டியில் வெல்லுவது எது என்பதை மூன்று காரியங்கள் தீர்மானிக்கின்றன: காரின் எடை எங்கே வைக்கப்பட்டுள்ளது, எவ்வளவு தாழ்வில் வைக்கப்பட்டுள்ளது, மேடு பள்ளங்களிலும் சில்லுகள் நிலத்தை விடாது பற்றுகின்றனவா என்பனவே அவை. குதிரைவலு இவற்றுக்குப் பின்னரே வரும். பிரெசியாவிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் மில்லெ மிலியா என்னும் ஆயிரம் மைல் ஓட்டப்பந்தயம் 1927 முதல் 1957 வரை பொதுவீதிகளிலே நடைபெற்றது. 1951ஆம் ஆண்டுப் பந்தயத்தில் முதலாவதாக வந்த பெராரியின் இயந்திரம் 4 லீற்றருக்கும் அதிகமானது. இரண்டாவதாக வந்த லான்சியா அவுரேலியாவின் இயந்திரமோ 2 லீற்றர் மாத்திரமே. பாதியளவு இயந்திரத்தோடு அது அத்துணை நெருங்கி வந்ததற்குக் காரணம், கியர்ப்பெட்டியைப் பின்னச்சோடு சேர்த்துவைத்து எடையை முன்னும் பின்னும் பகிர்ந்த அமைப்பே.

இந்தச் சிந்தனையின் வேரை 1922ஆம் ஆண்டிலே காணலாம். அதற்கு முந்திய கார்களில், ஏணி போன்ற இரும்புச் சட்டகம் ஒன்றின்மேல் உடற்பகுதி ஏற்றிவைக்கப்படுவதே வழக்கம். பயணிகள் மாட்டு வண்டியில் ஏறுவதுபோல் ஏறி, உயரத்தில் அமர்ந்தனர். தூரின் நகரத்து வின்சென்சோ லான்சியா, லம்டா என்னும் காரில் உடற்கூட்டையே சட்டகமாக்கினார். தரை தாழ்ந்தது, ஆசனங்கள் தாழ்ந்தன. ஈர்ப்பு மையம் கீழே வந்தமையால் கார் வளைவில் சாயாது நின்றது. அதே மாற்றத்தினால் காருள் ஏறுவதும் இறங்குவதும் இலகுவாயின. ஓட்டத்தின் இன்பமும் உபயோகமும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒரே தாயின் மக்களாகவும் இருக்கலாம் என்பதை லம்டா முதலில் எடுத்துக்காட்டியது.

இனி, மூன்று கார்களை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்.

முதலாவது, மிலான் நகரத்து அல்பா ரோமியோ நிறுவனம் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜூலியா. தோற்றத்தில் இது பெட்டிபோன்றது. நான்கு கதவுகள் கொண்டது. ஆயினும் காற்றுச் சுரங்கத்திற் சோதித்து உருவாக்கப்பட்டமையால் அதன் காற்றுத் தடைக் குணகம் 0.34 மாத்திரமே. அக்காலத்து வழுவழுப்பான விளையாட்டுக் கார்கள் பலவற்றையும் இது வென்றது. சரேலென வெட்டப்பட்டது போன்ற பின்புறமே அதன் இரகசியம். இவ்வாறு வெட்டிய வடிவம் காற்றுக்கும் உகந்தது. பொதி வைக்கும் பின்னறைக்கும் இடம் தந்தது. உள்ளே 1570 கன சதம மீற்றர் இயந்திரம், 92 குதிரைவலு, ஐந்து கியர்கள். குடும்பக் கார்கள் நான்கு கியர்களோடு அமைதியுற்றிருந்த காலம் அது. தொடக்கத்தில் முன்னாசனம் நீண்ட வாங்குபோல அமைந்திருந்தமையால் ஆறு பேரும் அமரலாம். இத்தாலியப் பொலிசார் இதனைத் தம் வண்டியாகத் தெரிந்தெடுத்ததில் வியப்பில்லை.

ஜூலியாவில் முன்சில்லுகள் திசைகாட்ட, பின்சில்லுகள் உந்துகின்றன. இரண்டு தொழில்களும் இரண்டு சோடிச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளமையால் ஸ்ரியரிங் வளையம் தெளிவாகப் பேசுகின்றது. வளைவிலே ஓட்டுபவன் வலதுகாலை அழுத்தியும் தளர்த்தியும் காரின் போக்கைச் செப்பஞ் செய்யலாம். குறையும் உண்டு. பின்னச்சு ஒரே முழு அச்சாதலால், வளைவின் நடுவே குழி வந்தால் பின்புறம் சிறிது துள்ளும். மழையிலும் பனியிலும், எடை குறைந்த பின்சில்லுகள் வழுக்க முற்படும்.

இரண்டாவது, லான்சியா புல்வியா. 1963ஆம் ஆண்டில் நாற்கதவுக் காராக வந்து, 1965ஆம் ஆண்டில் அழகிய இருகதவு வடிவமும் பெற்றது. பொறியியலாளர் அந்தோனியோ பெசியாவின் தீர்ப்பு அல்பா ரோமியோவின் தீர்ப்புக்கு நேர்மாறானது. இங்கே முன்சில்லுகளே திசையும் காட்டுகின்றன, காரையும் இழுக்கின்றன. நான்கு சிலிண்டர் இயந்திரம் முன்னச்சுக்கும் முன்னால் அமர்ந்திருக்கின்றது. இதனால் இருகதவுப் புல்வியாவின் மூக்கு பாரமானது. வளைவில் அளவுக்கு மிஞ்சி விரட்டினால் கார் வெளிப்புறமாகவே செல்ல விரும்பும். ஆனால், கால் தளர்த்தியதும் அடங்கி உள்ளே திரும்பும். அச்சந்தரும் திடீர்ச் சுழற்சி அதனிடம் அரிது. ஈரத்திலும் பனியிலும், பாரம் ஏறிய முன்சில்லுகள் நிலத்தைக் கவ்விப் பிடிக்கும். 1972ஆம் ஆண்டு மொன்ரே கார்லோ றாலிப் போட்டியில் சாந்த்ரோ முனாரி புல்வியாவில் வென்றது இந்தப் பிடிப்பின் சான்றாகும்.

உபயோகத்தில் புல்வியா எத்தகையது? மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடிகளும் நாற்புறமும் தெளிவாகக் காட்டுவதால் நகரத்து நெரிசலில் அதனை நிறுத்துவது எளிது. நான்கு சில்லுகளுக்கும் தட்டுப் பிறேக்குகள் உண்டு. எனினும் இருகதவு வடிவின் பின்னாசனம் சிறுவர்க்கே ஏற்றது. மக்கள் வளர்ந்ததும் அக்காரை விற்கவேண்டிய நாள் வரும். ஜூலியாவின் உரிமையாளனுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே, பனியும் மழையும் மிக்க நாட்டில் இருவர் பயணஞ் செய்யப் புல்வியா சிறந்தது. குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்ல ஜூலியா சிறந்தது எனலாம்.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒன்றாக்க முயன்றது மூன்றாவது கார். அதுவே அல்பாசூட். சூட் என்றால் தெற்கு. வேலையின்மையால் இளைஞர்கள் வடக்கே புலம்பெயர்ந்து கொண்டிருந்த தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் அருகேயுள்ள பொமிலியானோ தார்க்கோ என்னுமிடத்தில், அரசாங்கத்தின் ஆதரவோடு புதிய தொழிற்சாலை எழுந்தது. ஒஸ்திரியரான ருடோல்ப் ருஸ்கா அதன் பொறியியல் தலைவர். வடிவமைத்தவர் ஜோர்ஜெற்றோ ஜூஜாரோ. 1972ஆம் ஆண்டில் கார்கள் வெளிவரத் தொடங்கின.

ருஸ்கா முன்சில்லு இயக்கத்தைத் தெரிந்தார். ஆனால் மூக்கின் பாரத்தை ஏற்கவில்லை. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் தட்டையான இயந்திரத்தை அமைத்தார். எடை தாழ்ந்தது, ஈர்ப்பு மையம் தாழ்ந்தது. தொடக்கத்தில் அதன் வலு 63 குதிரை மாத்திரமே. ஆயினும் வளைவுகளில் அதனினும் மிக வலிய கார்களைப் பின்தொடர்ந்து பிடிக்கவல்லது என அக்காலத்துச் சோதனையாளர்கள் புகழ்ந்தனர். நால்வர் வசதியாக அமரும் இடமும், நிறைவான பொதியறையும் அதற்கு இருந்தன. சாய்ந்த பின்புறம் இருந்தும் மேலே தூக்கித் திறக்கும் முழுக்கதவு தொடக்கத்தில் இல்லாமை ஒரு குறை. முன்பிறேக்குகள் சில்லின் அருகே இன்றி உள்ளே கியர்ப்பெட்டியின் பக்கத்தில் இருந்தமை ஓட்டத்துக்கு நன்மை. பழுது பார்ப்பவனுக்குத் தொல்லை. வளையம் தூரத்திலும் மிதிகள் அருகிலுமாக, நீண்ட கையும் குறுகிய காலும் உடையவனுக்கென அமைத்தது போன்ற இருக்கை முறை அக்காலத்து இத்தாலியக் கார்கள் பலவற்றின் பொதுக் குறை.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்கவியலாத குறை ஒன்று பின்னரே தெரிந்தது. அதுதான் துரு, கறள் என்று வழங்கப்படுவது. உடற்கூடே சட்டகமாக உள்ள காரில், கதவடிப் பெட்டிப்பகுதியில் நீர் தங்கித் தகடு அரித்தால், அழிவது அழகு மாத்திரமன்று. காரின் முதுகெலும்பே அழிகின்றது. லம்டா கண்டுபிடித்த நன்மைக்கு விதிக்கப்பட்ட வரி இது. தகட்டைக் காத்தால் நன்மை நிற்கும். காக்காவிடின் அதுவே தீமையாகும். அல்பாசூட்டின் முற்பட்ட கார்கள் பல, இயந்திரம் இளமையாயிருக்க உடல் முதிர்ந்து அழிந்தன. லான்சியாவுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1980ஆம் ஆண்டில் பிரித்தானியாவில், லான்சியா பேற்றா கார்களில் இயந்திரத்தைத் தாங்கும் பகுதி துருப்பிடித்த செய்தி பத்திரிகைகளில் பரந்தது. நிறுவனம் பல கார்களைத் திருப்பி விலைக்கு வாங்கிக்கொண்டது. எனினும் இழந்த நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியவில்லை. 1994ஆம் ஆண்டில் லான்சியா அந்தச் சந்தையை விட்டே நீங்கியது.

இங்கேதான் உபயோகம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் விளங்குகின்றது. எத்தனை பேர் அமரலாம், எத்தனை பெட்டிகள் வைக்கலாம் என்பதோடு அது முடிவதில்லை. ஐந்து ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்து வாங்கியவனுக்கு, அந்தக் கார் பத்து ஆண்டுகள் உழைக்குமா என்பதே இறுதிக் கேள்வி. இடவசதியையும் ஓட்டத்தையும் இணைத்த மேதைகள், மழைநீருக்கு விடை கூறத் தாமதித்துவிட்டனர்.

ஆயினும் அந்த மரபு அழியவில்லை. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த லான்சியா டெல்டா, பின்புறம் முழுக்கதவு கொண்ட ஐந்து கதவுக் குடும்பக் கார். அதே உடற்கூட்டில் நான்கு சில்லு இயக்கம் பொருத்தப்பட்ட டெல்டாக்கள், 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உலக றாலித் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றன. 2015ஆம் ஆண்டில் அல்பா ரோமியோ ஜூலியா என்ற பழைய பெயரோடு புதிய காரை அறிமுகஞ் செய்தபோது, பின்சில்லு இயக்கத்துக்கே மீண்டு, எடையை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பகிர்ந்தது. அடுத்த ஆண்டிலே, அதே அடித்தளத்தில், உயரமான ஸ்டெல்வியோ வெளிவந்தது. 48 கொண்டையூசி வளைவுகள் கொண்ட அல்ப்ஸ் மலைப்பாதை ஒன்றின் பெயரை ஓர் உயரமான குடும்பக் கார் தாங்கியிருப்பதிலேயே, பழைய வழக்கு இன்னும் விசாரணையில் இருப்பது புலனாகும்.

ஆதலின், இத்தகைய காரை வாங்க விரும்புபவன் மூன்று சோதனைகள் செய்வது நன்று. முதலில், ஓட்டுநர் இருக்கையில் அரைமணி நேரம் அமர்ந்து, கையும் காலும் நோகாதிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பழக்கமான ஒரு வளைவில், சட்டம் அனுமதிக்கும் மிதமான வேகத்தில், ஸ்ரியரிங் வளையம் கூறுவதைக் கேட்க வேண்டும். நல்ல கார் மெதுவாகச் செல்லும்போதும் நன்றாகவே பேசும். இறுதியாக, பழைய காராயின், பளபளக்கும் மேற்பூச்சை விட்டுக் குனிந்து அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். முதலிரண்டு சோதனைகளிலும் இத்தாலியக் கார் மனத்தைக் கவர்ந்துவிடக்கூடும். அந்த வேளையிலேதான் மூன்றாவது சோதனையை மறவாதிருத்தல் வேண்டும்.