கல்வி நிதி வகுப்பறையைச் சென்றடைய வேண்டும்



யேர்மனியில் பாடசாலைக் கல்வி மாநிலங்களின் பொறுப்பாகும். எனினும், 2024 ஓகஸ்ட் 1 அன்று நடுவண் அரசும் 16 மாநிலங்களும் இணைந்து ‘ஸ்ராட்சான்சன்’ திட்டத்தைத் தொடங்கின. பின்தங்கிய சூழலிலுள்ள ஏறத்தாழ 4,000 பாடசாலைகளுக்குப் பத்து ஆண்டுகளில் 20 பில்லியன் யூரோ வழங்குவது அதன் நோக்கம். பாதி நடுவண் அரசினுடையது, மறுபாதி மாநிலங்களுடையது. நடுவண் அரசின் பங்கில் 40 விழுக்காடு கட்டடங்களுக்கும், 30 விழுக்காடு கற்பித்தல் மேம்பாட்டுக்கும், 30 விழுக்காடு துணை ஆளணிக்கும் உரியது.

நல்ல கட்டடம் தேவையே. ஆயினும், மொழியில் தடுமாறும் பிள்ளையைக் கரைசேர்ப்பது அருகிருந்து கற்பிக்கும் ஆசிரியரே. 2022ஆம் ஆண்டின் பீசா ஆய்வில், யேர்மனியின் 15 வயது மாணவரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கணிதத்தில் அடிப்படைத் தகைமையை எட்டவில்லை.

ஆகவே, உங்கள் மாநில நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்: மாநிலத்தின் பங்கு புதிய நிதியா, பழைய திட்டங்களின் கணக்கா? அதில் எவ்வளவு வகுப்பறையை அடைந்தது? எத்தனை ஆசிரியர்கள் கூடினர்?

குடியுரிமை இல்லையே எனத் தயங்க வேண்டாம். அடிப்படைச் சட்டத்தின் 17ஆம் உறுப்புரை, நாடாளுமன்றத்திடம் எழுத்துமூலம் முறையிடும் உரிமையை எல்லோருக்கும் அளிக்கிறது. வாக்குரிமை இல்லாதவரின் கோரிக்கைக்கும் அங்கு இடமுண்டு. நம் பிள்ளைகளுக்காக அவ்வுரிமையைப் பயன்படுத்துவோம்.