மணிக்கட்டில் துடிக்கும் தமனி

இடது கையின் மூன்று விரல்களை வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்கு குழம்பிவிடும். விரல் நுனியில் தட்டுகிறதே, அதுதான் ரேடியல் தமனி. சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று நாடி பிடித்துப் பார்ப்பதும் இதன்மேல்தான்.

மேற்கையிலிருந்து இறங்கிவரும் பெரிய தமனி முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. கட்டைவிரல் பக்கம் வருவது ரேடியல், சுண்டுவிரல் பக்கம் போவது அல்நார் தமனி. பெரும்பாலும் அதுதான் பருமனானது. ஆனாலும் பெயர் வாங்கியது இளைத்ததுதான்! காரணம், அது இருக்கும் இடம். முன்கையின் மேல்பாதியில் தசைக்கடியில் ஓடும் ரேடியல் தமனி, மணிக்கட்டை நெருங்கும்போது தோலுக்கு அடியிலேயே வந்துவிடுகிறது. கீழே கெட்டியான எலும்பு. அதனால்தான் துடிப்பு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கிறது. பிறகு கட்டைவிரலின் அடியில் புறங்கைப் பக்கம் சுற்றி, மறுபடி உள்ளங்கைக்குள் புகுந்து, அல்நாரின் கிளையோடு சேர்கிறது. ஆகவே ஒன்று அடைபட்டாலும், பெரும்பாலோருக்கு மற்றது விரல்களுக்கு ரத்தம் கொடுத்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு வழியை 1929இல் எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். இன்று செய்யும் முறையில், முஷ்டியை இறுக்கச் சொல்லி இரண்டு தமனிகளையும் அழுத்துவார்கள். கையை விரித்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். அல்நாரை மட்டும் விட்டதும் சில நொடிகளில் சிவக்க வேண்டும்.

ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாய்ப் படம், என்றால் தொடை இடுக்கு வழியாகத்தான் என்றிருந்த காலத்தில், மாண்ட்ரியலின் மருத்துவர் லூசியன் காம்போ மணிக்கட்டின் ரேடியல் தமனி வழியாக இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்து 1989இல் எழுதினார். தொடையில் குத்தினால் மணிக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். மணிக்கட்டில் எலும்போடு சேர்த்து அழுத்தி ஒரு பட்டை கட்டினால் ரத்தம் நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்காரலாம்.

ஒரே தொல்லை, இந்தத் தமனியின் சுவரில் தசை அதிகம், சீண்டினால் சுருங்கிக்கொள்ளும். பாரிஸில் அறுவை மருத்துவர் அலேன் கார்ப்பாந்தியே 1970களில் இதை வெட்டியெடுத்து இதய பைபாஸ் அறுவைக்குப் பயன்படுத்தியபோது பல குழாய்கள் அடைத்துக்கொண்டன, முறையே கைவிடப்பட்டது. சுருக்கத்தைத் தளர்த்தும் மருந்துகளோடும், அதிகம் தொட்டுக் கசக்காமல் எடுக்கும் பக்குவத்தோடும் 1990களில் அது அறுவை அரங்குக்குத் திரும்பியது.