உடுத்துபவரைக் காணாத தறி

கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்துள்ள சிந்தாதிரிப்பேட்டை, ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட்டின் காலத்தில், 1734ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகத்துக்காக நூற்போரையும் நெய்வோரையும் குடியமர்த்தி உருவாக்கப்பட்ட பேட்டையாகும். சின்னத் தறிப்பேட்டை என்பதே இப்பெயராகத் திரிந்தது என்பர். கம்பெனிக்காக நெய்தவர்கள், கடல் கடந்து அந்தத் துணியை உடுத்தப்போகிறவரைக் கண்டதில்லை. வணிகர் வழியாக வந்த மாதிரித் துணியோடு நீளமும் அகலமும் இழை நெருக்கமும் ஒத்துப்போனால் துணி ஏற்கப்பட்டது, இல்லையேல் தரம் குறைத்து மதிக்கப்பட்டது அல்லது ஒதுக்கப்பட்டது. இதே பேட்டையின் ரிச்சி தெரு இன்று கணினிக்கும் மின்னணு உதிரிபாகங்களுக்கும் பெயர் பெற்ற சந்தை. தறியின் இடத்தில் கணினி வந்த பின்பும், தொலைவில் இருப்பவருக்காகப் பொருள் செய்யும் தொழிலின் பழைய சிக்கல் சென்னையை விட்டு அகலவில்லை என்பதை, மென்பொருள் நிறுவனங்கள் பயன்பாட்டு எளிமையை எவ்வாறு மதிக்கின்றன என்பதிலிருந்து அறியலாம்.

பயன்பாட்டு எளிமை என்பது, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தாங்கள் கருதிய வேலையை ஒரு மென்பொருளைக் கொண்டு எவ்வளவு சரியாகவும், எவ்வளவு குறைந்த நேரத்திலும் உழைப்பிலும், எவ்வளவு மனநிறைவோடும் முடிக்கிறார்கள் என்பதன் அளவாகும்; 1998இல் வெளியான ஐஎஸ்ஓ 9241 தரநிலையின் 11ஆம் பகுதி தரும் வரையறையின் சாரம் இதுவே. இதன்படி, யார், எங்கே, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று தெரியாமல் ஒரு திரையை எளியது என்றோ கடினமானது என்றோ சொல்லிவிட இயலாது. ஆகவே, பயனர் வேலை செய்யும் இடத்துக்கே சென்று கவனிப்பதும், நிரல் எழுதுமுன் திரையின் வரைவைச் சிலரிடம் கொடுத்து அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்வதும், திருத்தி மீண்டும் சோதிப்பதும் இத்துறையின் அன்றாடப் பணிகள்.

இந்நெறிகளை மறுப்போர் அரிது, கடைப்பிடிப்போரும் அரிது. ஐபிஎம் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில், தொடக்கத்திலேயே பயனரை அறிதல், சோதித்து அளத்தல், திருத்தித் திருத்தி வடிவமைத்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். கணினி அமைப்பொன்றை உருவாக்கும் படிகளை எழுதித் தருமாறு துறையினர் 447 பேரிடம் அவர்கள் கேட்டபோது, மூன்றையும் குறிப்பிட்டவர்கள் 16 விழுக்காட்டினரே.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஒப்பந்த முறையில் எழுதப்படும் மென்பொருளில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. பணம் தருபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். நடுவே ‘ரிக்வயர்மென்ட்’ எனப்படும் தேவைப் பட்டியல், அன்றைய மாதிரித் துணியின் இடத்தில் நிற்கிறது. பயிற்சி கொடுத்தால் பயனர் பழகிவிடுவார் என்று நிரலாளர் கருதுவதும், ‘டெட்லைன்’ நெருங்குகையில் மேலாளர் பயனர் சோதனையை முதலில் வெட்டுவதும், வண்ணத்தையும் பொத்தானையும் சீர்செய்யக் கடைசி வாரத்தில் வடிவமைப்பாளர் அழைக்கப்படுவதும் இந்த ஏற்பாட்டின் விளைவுகள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்பதைவிட, அந்த அக்கறைக்கு ஒப்பந்தத்தில் நாளும் கூலியும் ஒதுக்கப்படவில்லை என்பதே பொருந்தும்.

பெயர் எழுதும் கட்டம் ஒன்றே இதற்குப் போதிய சான்று. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெற்றோர் பெயரின் முதலெழுத்தே இனிஷியலாக நிற்கிறது. ஆனால், வாசகர்களில் பலர் அறிந்தவாறு, இணையப் படிவங்கள் பல முதற்பெயர், கடைசிப்பெயர் என இரு கட்டங்களைக் கட்டாயமாக்குகின்றன; இரண்டாவதில் ஓரெழுத்தை இட்டால், அது போதாது என்று சிவப்பு வரி தோன்றுகிறது. பயனர் அங்கே தந்தையின் முழுப்பெயரை நிரப்ப, பின்னர் வரும் கடிதங்கள் அவரைத் தந்தையின் பெயரால் விளிக்கின்றன. அடையாள அட்டையில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகாமல் விளக்கம் சொல்ல நேர்கிறது. அந்தக் கட்டத்தை உருவாக்கியவர் சென்னைக்காரராயின், அவர் பெயருக்கு முன்னும் ஓர் இனிஷியல் இருந்திருக்கும். பட்டியலில் இருந்ததை அவர் பிழையின்றிச் செய்து கொடுத்தார், அவ்வளவே.

அளக்கப்படாத வேலை திட்டக் கணக்கில் ஏறுவதில்லை. இதை உணர்ந்தே, மும்பை ஐஐடியின் அனிருத்த ஜோஷியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இரு அளவுகோல்களை முன்வைத்தனர்: ஒன்று, முடிந்த பொருள் தன் பயன்பாட்டு இலக்குகளை எட்டிய அளவைக் காட்டுவது, மற்றது, இப்பணி மென்பொருள் உருவாக்கத்தின் படிகளோடு இணைந்திருந்த அளவைக் காட்டுவது. புதிய பயனர் ஒருவர் பிறர் உதவியின்றி இவ்வேலையை முடிக்க வேண்டும் என்ற வரி தேவைப் பட்டியலிலேயே ஏறிவிட்டால், எந்த மேலாளராலும் அதை எளிதில் வெட்ட இயலாது.

ஒதுக்கப்பட்ட துணியாவது நெசவாளரிடம் திரும்பி வந்து குறையைச் சொன்னது. மென்பொருள் அவ்வாறு திரும்புவதில்லை. தடுமாறிய பயனர், தவறு தம்முடையது என்றெண்ணி, இனிஷியலை விரித்தெழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்.